எத்தனை டியூப் உடைந்தது?

தங்கை மகன் வாங்கியிருக்கும் புதுப் பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நொடிக்கு நொடி அது சொல்லிக்கொண்டே வரும். காலைக் கொஞ்சம் அழுத்தினால் ஆறு, தளர்த்தினால் பதினாலு, மேடு வந்தால் நாலரை. பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையனைப் போல அவன் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறான். "ரோட்டைப் பாருடா" என்றேன். "ரோடு எங்க போயிடப்போகுது மாமா, மைலேஜ்தான் போகுது" என்றான்.

மைலேஜ் போகக் காரணம் பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. ஆளுயரத்துக்கு மேல் உயரம், முகம் சுவரைப் போலத் தட்டை. உள்ளே தோசைக்கல், கிரைண்டர், ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டருக்கும் இரண்டு நாள் தோசைக்குமாக வாழும் பெங்களூருப் பிள்ளைகளில் அவனும் ஒருத்தன். அன்றைக்குக் கோலார் தங்கவயலில் ஒரு கல்யாணம். காலை டிபன் கான்ட்ராக்ட் அவனுக்கு, பக்கத்து சீட் எனக்கு. தங்கவயல் என்றதும் அவன் தலைமுறைக்கு 2018-இல் வந்த சினிமாதான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது உடைந்த டியூப்லைட் சத்தம்.

நானும் ஒருகாலத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த மருமகன்தான். 1988-இல் பத்தொன்பது வயசு, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், உலகத்தில் தெரியாத விஷயம் என்று ஒன்றும் கிடையாது. என் மாமா பெங்களூர் அல்சூரில் லைட், மைக்செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற தொழில் செய்தார். முத்துப் பல்லக்குக்கும் பிள்ளையார் ஊர்வலத்துக்கும் சீரியல் பல்பு கட்டுவது முதல், கே.இ.பி.காரர்கள் கரண்டை நிறுத்தும் வேளையில் கல்யாண மண்டபத்தைக் காப்பாற்றுவது வரை எல்லாம் அவர் பாடு. பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி, பின்பாதியை அறுத்துத் தொட்டி கட்டி, பிக்கப் ஆக்கி வைத்திருந்தார். எஞ்சின் பியூஜோ டீசல். அதன் பின்னே கொக்கி போட்டு இழுத்துப் போகும் இரண்டு சக்கர ட்ரெய்லரில் கிர்லோஸ்கர் எஞ்சின் பூட்டிய ஜெனரேட்டர். ட்ரெய்லரோடு சேர்த்து ஒரு டன்னுக்குக் குறையாது. ஜீப்புக்கு வந்த பெருமூச்செல்லாம் அதனால்தான்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது தங்கவயலுக்குப் போவோம். ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணம், சாம்பியன் ரீஃபில் ஆர்க்கெஸ்ட்ரா, ஏதாவது ஒன்று வரும். இதில் ஒரு வேடிக்கை அப்போது எனக்குத் தெரியாது. சிவசமுத்திரத்தில் காவிரியை விழவைத்து எடுத்த மின்சாரம் 1902-லேயே தங்கவயலுக்குப் போய்விட்டது; பெங்களூர் நகரத்தில் விளக்கு எரிந்தது 1905-இல்தான். பெங்களூர் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் சுரங்கத்தில் மின்விளக்கு எரிந்த ஊருக்கு, எண்பது சொச்சம் வருஷம் கழித்து, நாங்கள் பெங்களூரிலிருந்து வெளிச்சம் இழுத்துப் போனோம், அதுவும் நூறு கிலோமீட்டர், டீசலை எரித்து. முன்னேற்றம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியில் ஏறியிருக்கலாம்.

ஓட்டியது டிரைவர் அண்ணன். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை எப்போதும் போடமாட்டார். ஜீப்பின் தொட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் நான்கடி டியூப்லைட்டுகளை அடுக்கி, சாக்குப் போட்டு மூடி எடுத்துப் போவோம். போய் இறங்கியதும் மாமா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டியூப் உடைஞ்சது?" ஒன்று உடைந்தால் அண்ணன் முகம் வாடிவிடும். மூன்று உடைந்தால் மாமா அன்றைக்குப் பேசமாட்டார். டியூப் விலைக்காக மட்டும் அந்தக் கேள்வி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டியூப் உடையாத நடைகளிலெல்லாம் டீசலும் குறைவாகச் செலவானதை நோட்டுப் புத்தகம் சொன்ன பிறகுதான் புரிந்தது. தூரத்தில் மாடு கண்ணில் பட்டதுமே காலை எடுத்து வண்டியைத் தானாக அடங்கவிடுகிறவன் பிரேக் மிதிப்பதில்லை. பிரேக் மிதிக்காதவன் மறுபடி அழுத்தி வேகம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு டன்னை நிற்கவைத்து மறுபடி கிளப்புவதற்குப் போகிற டீசல் இருக்கிறதே, அதைப் போல வலிக்கிற செலவு வேறில்லை. இதை மாமா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கண்ணாடிச் சில்லைப் பெருக்கித் தெரிந்துகொண்டார்.

நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு. பங்க்கில் கழுத்துவரை டீசல் போட்டு, ஓடி வந்து, மறுபடி கழுத்துவரை போட்டு, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பதுதான் அன்றைய கணக்கு. கழுத்துவரை என்றால் சும்மா இல்லை. டாங்க்குக்குள் காற்று நின்றுவிடும் என்று நானும் கிளீனர் பையனும் ஜீப்பின் இரண்டு பக்கமும் நின்று தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டுவோம். அடங்கியிருந்த காற்று 'குபுக்' என்று வெளியே வர, பங்க்காரர் இன்னும் அரை லிட்டர் விடுவார். பின்னால் நிற்கிற லாரிக்காரர் வைகிற வசவுக்குக் கன்னடம், தமிழ், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் ருசி உண்டு. கடைசியில் நான் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுவேன்: 8.7. போன தடவை 8.4. அந்தப் புள்ளி மூன்றுக்கு அடைந்த சந்தோஷத்தைப் பிற்காலத்தில் எந்தச் சம்பள உயர்வும் எனக்குக் கொடுத்ததில்லை. ஜீப்பை ஆட்டியதில் வந்த வித்தியாசம்தான் அது என்கிற சந்தேகம் இப்போது வருகிறது. அப்போது வரவில்லை, நல்லவேளை.

விஞ்ஞானம் படிக்கிற மருமகன் சும்மா இருப்பானா? பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்றில், பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போய் எரிபொருள் மிச்சமாகும் என்று போட்டிருந்தது. மாமாவிடம் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். அவர் பாதிதான் நம்பினார். ட்ரெய்லர் இல்லாமல் வெறும் வண்டியாகத் திரும்பும் ஒருநாள் அனுமதி கொடுத்தார். நரசாபுரம் தாண்டி வரும்போது கொத்து வயர் ஒன்று நழுவி இறங்கிப் போனது எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த வயரின் விலைக்கு அன்றைக்கு நாற்பது லிட்டர் டீசல் போட்டிருக்கலாம். சில வருஷம் கழித்துத்தான் படித்தேன்: கதவை மூடி வைத்தால் தொட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தைபோல நின்றுவிடுகிறது, மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, திறந்தால் அந்த மெத்தை கலைந்துபோகிறது. கதவு மூடியிருப்பதே நல்லதாம். மாமாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை.

உண்மையில் மைலேஜைக் கொடுத்ததெல்லாம் சொல்வதற்கே கூச்சமான சின்னச் சின்ன வேலைகள்தான். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று அண்ணன் லிவர் ராடால் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் சரி, 'டொப்' என்றால் குறைவு. ட்ரெய்லர் டயரை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் திருட்டுத்தனமாக டீசல் குடிக்கும் என்பார். ஜெனரேட்டர் அச்சுக்குச் சற்று முன்னால் உட்கார வேண்டும். பின்னால் பாரம் மிஞ்சினால் ட்ரெய்லர் வாலாட்டும். நாய் வாலாட்டினால் நன்றி, ட்ரெய்லர் வாலாட்டினால் ஆஸ்பத்திரி. முன்னால் மிஞ்சினாலோ ஜீப் மூக்கைத் தூக்கும். மாமாவின் அளவுகோல் இது: கொக்கியை நானும் கிளீனரும் சேர்ந்து தூக்க முடிய வேண்டும், ஆனால் 'அம்மா' என்று சொல்லாமல் தூக்க முடியக்கூடாது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கொக்கியில் விழ வேண்டும் என்று பிற்பாடு புத்தகங்களில் பார்த்தேன். ஒரு டன்னில் பத்தில் ஒன்று நூறு கிலோ. ஆளுக்கு ஐம்பது. அம்மா என்றுதான் வரும்.

ஹொசகோட்டையில் டீ. அண்ணன் கிளாஸை வாங்கும் முன் ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், ஜுரம் பார்க்கிற மாதிரி. வெதுவெதுப்பு என்றால் பேரிங் சுகம். சுட்டால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது பேரிங் இறுக்கம், இரண்டும் இழுவை. பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையையும் வைக்கச் சொல்வார். மெழுகு வாசனையும் வைக்கோல் வாசனையுமாக ஒரு தார்ப்பாய் இருந்தது. அதை நான் தளர்வாகக் கட்டிய நாளில் காற்று புகுந்து பாய்மரம்போல உப்பி, ஜீப் டாப் கியருக்கே வரமாட்டேன் என்றது. இறங்கி இழுத்துக் கட்டினோம். அதன்பின் கேட்ட நிசப்தத்தில், இத்தனை நேரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது எங்கள் டீசல்தான் என்று தெரிந்தது.

எஞ்சின் கறுப்பாகப் புகை விட்டால் மாமாவுக்கு நெஞ்சு எரியும். "காசு பறக்குதுடா" என்பார். உடனே பம்ப் நாசில் பார்க்கிற கடைக்குப் போவோம். பம்ப் என்றால் அந்நாளில் மைக்கோதான். 1951-இல் தொடங்கி ஆடுகோடியில் எழுந்த கம்பெனி. இந்தியாவில் ஓடிய டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கிருந்துதான் பம்ப் போயிற்று. பெங்களூர்க்காரனுக்கு அதில் ஒரு கர்வம்: காஷ்மீரில் லாரி ஏறினாலும் அதன் இதயம் நம்ம ஆடுகோடி என்று. பம்பின் அளவுத் திருகாணிக்கு ஈய சீல் உண்டு. பழைய மெக்கானிக் அதை உடைத்து, திருப்புளியைக் கால் சுற்று திருப்பி, காதை எஞ்சின் மேல் வைத்துக் கேட்டு, மறுபடி அரைக்கால் சுற்று திருப்புவார். வீணை சுருதி சேர்க்கிற வித்வான் முகம். இன்று அந்தக் கம்பெனி 2008 முதல் பாஷ் என்ற பெயரில் இருக்கிறது; ஆடுகோடியில் பம்ப் வார்த்த இடத்தில் மென்பொருள் எழுதுகிறார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போது நாசிலுக்கு எத்தனை துளி என்று முடிவு செய்வதே மென்பொருள்தான். மருமகன் வண்டியின் பானெட்டைத் திறந்து காதை வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது.

மேலுமலையைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள்.

1990 ஆகஸ்டில் சதாம் குவைத்தைப் பிடித்தார். எண்ணெய் ஏறியது, பங்க்குகளில் வரிசை நீண்டது. பத்திரிகையில், பெட்ரோலியம் சேமிப்புச் சங்கத்தின் அறிவுரைகள்: 45-லிருந்து 55-க்குள் ஓட்டுங்கள், டயரைக் கவனியுங்கள். நாங்கள் ஐம்பதைத் தாண்டியதே இல்லை, தாண்டச் சொன்னாலும் ஜீப் கேட்காது. வேறு வழி வேண்டும். லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதமான நான் கிருஷ்ணகிரிக் கல்யாணத்துக்கு வண்டியை வாங்கிக்கொண்டேன். பெங்களூர் கடல்மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே. கிருஷ்ணகிரி அதற்கு எவ்வளவோ கீழே. போகும்போது ஊரே நமக்காகச் சாய்ந்திருக்கிறது, திரும்பும்போது அதே சாய்வை வட்டியோடு கட்ட வேண்டும். அந்த வழியில் நடை அடிக்கும் எவனும் இரண்டு மைலேஜ் வைத்திருப்பான், போக ஒன்று, வர ஒன்று. சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கம் வந்தது. லாரிக்காரர்கள் செய்வதைப் பார்த்திருந்தேன். நியூட்ரலில் போட்டேன்.

முதல் நூறு அடி சொர்க்கம். சத்தமே இல்லை, காற்று மட்டும். அப்புறம் பின்னாலிருந்து ஒரு தள்ளல். ஒரு டன் ஜெனரேட்டருக்குத் தானும் ஒரு வண்டி என்கிற நினைப்பு வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன், ட்ரெய்லர் வாலாட்டியது. விட்டேன், ஓடியது. கருகின வாடை. கியருக்குள் போடப் பார்த்தால் பல் கடிக்கிற சத்தம். அண்ணன் கத்தவில்லை. "தம்பி, கொஞ்சம் கொஞ்சமா. மிதி, விடு, மிதி" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே கை பிரேக்கைப் பல் பல்லாக இழுத்தார். கீழே சமதளத்தில் புளியமரத்தடியில் நின்றோம். கிளீனர் பையன் இறங்கிப்போய் வாந்தி எடுத்தான். அண்ணன் பீடி பற்றவைத்து, என் சட்டைப் பையிலிருந்த நோட்டைக் காட்டி, "எழுதிக்க தம்பி. எவ்ளோ மிச்சம்?" என்றார்.

ஒரு டீ கிளாஸ் டீசல்கூட இருக்காது. அதுவும் மிச்சமில்லை என்று தெரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. கியரிலேயே இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், அந்தக் காலத்துப் பம்பின் கவர்னரும் சரி, இந்தக் காலத்து மென்பொருளும் சரி, டீசலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தன்னைத்தானே உயிரோடு வைத்துக்கொள்ளக் குடிக்க வேண்டியிருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து நான் கொஞ்சம் அதிகமாகச் செலவு செய்திருக்கிறேன்.

அன்றைக்கு எத்தனை டியூப் உடைந்தது என்று மாமா கேட்டார். பதினொன்று.

நிதானமாகப் போனதால் லாபமா என்றால், அதுவும் கணக்கில் நிற்காது. லிட்டர் ஐந்து ரூபாய்க்குள் விற்ற காலம். அரை லிட்டர் மிச்சம் பிடித்தால் இரண்டு ரூபாய் சொச்சம். நாற்பதில் ஊர்ந்ததால் வழியில் இரண்டு டீ, ஒரு வடை கூடுதல், மூன்று பேருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, இத்தனை பாடுபட்டு இழுத்துப் போன ஜெனரேட்டர் சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் விடிகாலை மூன்று வரை மணிக்கு மூன்று லிட்டர் வீதம் நிம்மதியாகக் குடிக்கும். ஜீப்பில் நாங்கள் துளித் துளியாகச் சேர்த்ததை அது சீரியல் பல்பில் மயில் தோகை விரிப்பதற்காகச் செலவு செய்தது. அதைப் பற்றி யாரும் நோட்டு வைக்கவில்லை.

இப்போது மருமகனோடு போகும் வழி வேறு. ஹொசகோட்டைப் பக்கம் ஆரம்பித்து பேத்தமங்கலம் வரை 71 கிலோமீட்டர், 2024 டிசம்பரிலிருந்து புது எக்ஸ்பிரஸ்வே ஓடுகிறது. மாடு இல்லை, டீக்கடை இல்லை, வளைவுகூட யோசித்துத்தான் வளைகிறது. அவன் தொண்ணூற்றைந்தில் போனான், திரை 6.8 என்றது. "புது வண்டி, புது ரோடு, என்ன மாமா இப்படிக் குடிக்குது?" வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு ஆகும், நீ பின்னால் ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போகிறாய் என்றேன். கேபின் கூரைமேல் வளைந்த தகடு ஒன்று வைத்துக் காற்றைத் தோசைப் பெட்டியின் தலைக்கு மேலே அனுப்பிவிட்டால் கொஞ்சம் தேறும், லாரிக்காரர்கள் வைத்திருக்கிறார்களே என்றேன். அதுவரைக்கும் அறுபத்தைந்தில் போய்ப் பார் என்றேன். போனான். 9.3. அவன் முகத்தில் என் பழைய 8.7 தெரிந்தது. பத்து நிமிஷம் அந்தச் சந்தோஷம் தாங்கியது. பிறகு பக்கத்தில் ஒரு கார் சீறிக்கொண்டு போனது, அவன் கால் தானாக இறங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலுமலைக்காரன் சொல்ல என்ன இருக்கிறது?

தங்கவயலில் சுரங்கம் 2001-இலேயே மூடிவிட்டது. சயனைடு மண்மேடுகள் மட்டும் அப்படியே. மண்டபத்தில் எல்.ஈ.டி. பட்டை விளக்குகள், சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம், கீழே போட்டாலும் உடையாது. தோசை எல்லாருக்கும் பிடித்திருந்தது. திரும்பும் முன் ட்ரெய்லர் சக்கரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். "மாமா, அதுக்கு சென்சார் இருக்கு, போன்லயே காட்டும்" என்றான். காற்று அழுத்தத்துக்குத்தான் சென்சார். பேரிங் ஜுரம் அதற்குத் தெரியாது. லேசாகச் சுட்டது. அவன் கையையும் பிடித்து வைத்தேன்.

கே.ஆர். புரம் தொங்கு பாலம் ஏறி டின் ஃபேக்டரி வந்தோம். அதாவது, வந்து நின்றோம். டிரைவர் அண்ணன் ஜீப்பை அதிகம் நிறுத்தாமலே கடந்துபோன இடம். மெட்ரோ தூண்களுக்கு அடியில் நாலு வரிசை வண்டிகள். பத்தடி நகர்வு, நிற்பு, பத்தடி நகர்வு. எக்ஸ்பிரஸ்வேயில் சேர்த்து வைத்த சராசரி திரையில் கண்ணெதிரே கரைந்தது: 8.1, 7.9, 7.6. லிட்டர் தொண்ணூறு ரூபாயை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எங்கள் தோசைப் பெட்டியைப் பார்த்து, "சார், ஏனாதரூ இதியா?" என்று கன்னடத்தில் பசியோடு கேட்டார். மருமகன் சிரித்துக்கொண்டே முன்னால் கிடைத்த இடைவெளியில் சட்டென்று அழுத்தி, சட்டென்று பிரேக் போட்டான். பின்னால் பெட்டிக்குள் ஏதோ உருண்டு 'டிங்' என்றது.

"ஸ்பூன் மாமா" என்றான்.

எனக்குத் தெரியும். இருந்தாலும் பென்னிகானஹள்ளி தாண்டும்வரை காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.